பெரிய முதலாளிக்கு வைத்த மூக்கு

போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாடை தாங்காமல் என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் நாற்காலியை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் அடித்தவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். அந்த வாடையில் ஒன்பது நாள் அசையாமல் உட்கார்ந்தவன் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கும் தெரியாது, சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஆம்பூரில் ஒரு பட்டை மண்டியில் குமாஸ்தா. பட்டை என்றால் ஆவாரம்பட்டை. அது இல்லாமல் அந்தக் காலத்தில் தோல் பதனிட முடியாது. ஏலகிரிப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும். என் வேட்டி, சட்டை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றிலும் அந்த வாடைதான். குளித்துவிட்டு ரயிலேறினாலும் பக்கத்தில் உட்கார்ந்தவர் “ஆம்பூரா?” என்பார்.

மண்டியை ஆரம்பித்தவர் எங்கள் முதலாளியின் அப்பா. பெரிய முதலாளி என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பே, முதலாளி விவரம் தெரியாத குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டவர். அவருடைய படம் முதலாளி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. அவர் போன பிறகு வாலாஜாபேட்டை ரங்கப்ப ராஜு எழுதிய படம். ஆமாம், ராஜு படம் வரையமாட்டார், எழுதுவார். பலகையின் மேல் தங்க ரேக்கு, கண்ணாடிக் கல், பௌர்ணமி மாதிரி முகம், காதுவரை நீண்ட கண். பெரிய முதலாளி ஒல்லியான மனுஷர், முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு என்று கேள்வி. படத்திலோ வெண்ணெய் தின்ற கிருஷ்ணர் மாதிரி இருந்தார். வடாற்காடு ஜில்லாவிலுள்ள பணக்காரர்கள் அத்தனை பேருக்கும் ராஜு அதே முகத்தைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். மீசையும் தலைப்பாகையும் மாறும். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

குறை வந்தது சீமையிலிருந்து. தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் முதலாளி வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். கூடத்தில் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். இது எந்தத் தெய்வம் என்று மரியாதையாகக் கேட்டார். முதலாளிக்கு அன்று முழுவதும் பேஜாராகிவிட்டது.

அடுத்த மாதமே தேவசகாயத்தைக் கூட்டிவந்தார். மெட்ராஸில் எண்ணெய்ச் சாயப் படம் கற்றவன், என் வயதுக்காரன். பெரிய முதலாளியின் போட்டோ கேட்டான். இல்லை. அப்படியானால் சாயலில் யாராவது உட்கார வேண்டும் என்றான். அவரை நேரில் பார்த்தவர் என்று மிஞ்சியிருந்தது அவர் மனைவி, பெரியம்மா மட்டும்தான். ஏதோ சீட்டுக் கொடுக்க அங்கே போயிருந்த என்னை அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அவரு மூக்கு இவன் மாரிதான் இருக்கும்.”

அவ்வளவுதான். பட்டுக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையும் மாட்டி என்னை ஒன்பது நாள் டர்பன்டைன் வாடையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் மூக்குக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

தேவசகாயம் முதலில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி முழுவதும் பழுப்பு நிறத்தை அப்பினான். பிறகு பத்தடி பின்னால் போவான், ஒரு கண்ணை மூடுவான், ஓடி வந்து ஒரே ஒரு புள்ளி வைப்பான். நான் மூச்சு விட்டாலும் கோபம் வரும். நாலாவது நாள், சேதி கேள்விப்பட்டு ரங்கப்ப ராஜுவே வந்துவிட்டார். எழுபது தாண்டியவர். சண்டை வரும் என்று நினைத்தேன். அவரோ படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“மொகத்துல பாதி அழுக்கா கீதே.”

“அது நெழலு, ராஜுகாரு.”

“செத்து தெய்வமா ஆனவருக்கு நெழல் எங்கேந்துப்பா விழும்?”

தேவசகாயம் பிரஷ்ஷை ரொம்ப நேரம் கழுவினான். ஆனால் ஆம்பூரிலேயே தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டு மறுநாளும் ராஜு வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். சாயக் குழாய்களை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். கடைசியில் இருவரும் தோஸ்த் ஆகிவிட்டார்கள்.

படம் மாட்டியாயிற்று. மீசையும் நரையும் போக மீதி நான்தான். தினமும் எனக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாதனூரில் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க முதலாளி வீட்டுக்கு வந்திருக்கிறார். கூடத்தில் படத்தைப் பார்த்திருக்கிறார். இது யாரென்று கேட்டிருக்கிறார். முதலாளியின் அப்பா என்று சொல்லியிருக்கிறார்கள். மனுஷர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, பையன் அந்த வீட்டு ரத்தம் மாதிரி இருக்கிறது, எங்களுக்கு வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார்.

இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிக்க முடியவில்லை. அம்மா என் ஐந்து வயதில் தாலியறுத்தவள். முதலாளி வீட்டுப் பக்கம் அடியெடுத்து வைக்காதவள். அவள் அழவில்லை. சாப்பிடத்தான் இல்லை. இரண்டாவது நாள் நான் தேவசகாயத்திடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் வெளுத்துப்போனான். கரித்துண்டும் காகிதமும் எடுத்துக்கொண்டு, ராஜுவையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு, என்னோடு மாதனூருக்கு வந்தான்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றார்.  தேவசகாயம் அவரையே பார்த்துக் கால்மணி நேரத்தில் ஒரு படம் வரைந்தான். அதே தலைப்பாகை, அதே மீசை, அதே கோட்டு. அவரிடமே நீட்டினான்.

“இவன உக்கார வெச்சுதான் அந்தப் படத்த வரஞ்சேன். இப்ப நீங்களும் அந்த வூட்டு ரத்தமா?”

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அப்பாவுக்கு அந்த மீசை அத்தனை பொருத்தமாக இருந்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். ராஜு மட்டும் தலையை ஆட்டிக்கொண்டார். “நான் எழுதியிருந்தா இந்த வம்பே வராது. என் படத்துல கீற மாரி ஊர்ல ஒருத்தனும் இருக்க மாட்டான்.”

மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் கை கூப்பி நின்றார். அம்மா அவருக்கு இலை போட்டாள். தானும் சாப்பிட்டாள்.

கல்யாணமாகி இருவரும் பெரியம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்கப் போனோம். திருநீறு பூசிவிட்டு என்னை மட்டும் நிறுத்தினார்.

“எம்மேல கோவமா தம்பி?”

“இல்லீங்கம்மா.”

“அவரு மொகம் எனக்கு மறந்து எத்தினியோ வருஷமாச்சு. ராஜு எழுதுனதப் பாத்துப் பாத்து அதுதான் மனசுல நிக்குது. மறந்துட்டேன்னு புள்ளைகிட்ட எப்டி சொல்றது? நீ எதுர்ல நின்ன.”

முதலாளியிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. ராஜு அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். தேவசகாயம் நாடகத்துக்குத் திரை எழுதப் போய், மெட்ராஸோடு தங்கிவிட்டான். ஆவாரம்பட்டைக்குப் பதில் வேறு சரக்கு வந்து மண்டியை மூடினார்கள். பாகப் பிரிவினையில் வீட்டை விற்றபோது இரண்டு படங்களும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மைத் தழும்போடு ஒல்லியாக ஒரு மனுஷர் ஆம்பூரில் பட்டை விற்றுக்கொண்டிருந்தார். அவர் முகம் எப்படியிருந்தது என்று கேட்க, பெரியம்மாவுக்குப் பிறகு ஆளே இல்லை.