குங்குமம் வைத்த நான்கு பேரிங்குகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய வரும். மகள் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது பத்திரிகையில் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒருவரும் படிக்கக் கூடாது. காரணம் போகப் போகத் தெரியும்.

அந்த வாளின் சத்தம் இப்போதும் என் பல்லுக்குள் இருக்கிறது. காய்ந்த சட்டியின் அடியை ஆணியால் கீறிக்கொண்டே போவது போன்ற ஒரு கீச்சு. அதோடு சூடேறிய சவுக்கு மரத்தின் வாசனை. வாள் நின்றதும் காதுக்குள் வந்து உட்காரும் ஒரு வெறுமை. ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்த மறு வருடம் அது. அக்காவைக் கட்டிய மச்சானுக்குப் பதுளைப் பக்கம் ஊர். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியாத ஆள், மரவேலை தெரிந்தவர், கலியாணத்துக்குப் பிறகு எங்களோடேயே தங்கிவிட்டார். பண்டாரவளையில் மூடிப்போன ஒரு தளபாடக் கடையிலிருந்து பழைய ‘பேண்ட்சோ’ ஒன்றை வாங்கிவந்து, லயத்தில் எங்களுக்கு இருந்த வீடான ‘காம்பரா’வுக்குப் பின்னால் தகரம் இறக்கி அதை நிறுத்தினார். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டிலும் இடுப்பு வார் போல மாட்டிச் சுற்றுகிற ஒரு வாள். அதில் மணைக்கட்டையும் தொட்டில் காலும் சாமி மாடமும் அறுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளைக்குக் கொண்டுபோவார்.

வாள் இரண்டு பக்கமும் ஆடாமல் பிடித்துக்கொள்ள மேசைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. அவற்றுக்குக் ‘கைட்’ என்று பெயர். அவை தேய்ந்து போனதால்தான் அந்தக் கீச்சுச் சத்தம். கோடு ஒரு பக்கம் இருக்க வாள் ஒரு பக்கம் போகும். அவர் வாளைப் போட்டால் லயம் முழுவதும் பல்பு மங்கும். சத்தமும் கேட்டு, பல்பும் மங்கினால், ‘மாப்பிள்ளை வேலை செய்கிறார்’ என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா தோட்டத்துப் ‘பெக்டரி’யில் மெசின்களுக்கு எண்ணெய் போடுகிறவர். யாரையும் நம்பமாட்டார். கடையில் நிறுத்து வாங்கிய பருப்பை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுப்பார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் காய்ச்சல் என்று ஒப்புக்கொள்வார். அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

எனக்கு ஒரு ‘பேரிங் வண்டி’ இருந்தது. ஒரு பலகை, நான்கு பேரிங் சக்கரம். பெரிய ரோட்டில் லொறி கழுவுகிற கராஜில் இரண்டு வாரம் தண்ணீர் சுமந்து கொடுத்து, அவர்கள் கழற்றிப் போட்ட பேரிங் நான்கை வாங்கினேன். தோட்டத்து ரோட்டின் உச்சியில் உட்கார்ந்து காலைத் தூக்கினால் பெரிய ரோட்டு வளைவு வரை போகலாம். முதல் வண்டியை அப்பா கோடரியால் பிளந்து அடுப்பில் வைத்திருந்தார். “இன்னொரு தடவ ஒன்னைய ரோட்டுல பார்த்தேன், பள்ளிக்கூடத்த நிப்பாட்டிப்புடுவேன்” என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற ஆள். ஆகவே இந்த இரண்டாவது வண்டி கோழிக்கூட்டுக்குப் பின்னால் விறகுக்கு அடியில் ஒளிந்திருந்தது; அப்பா பெக்டரிக்குப் போன நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும். ஆயுத பூசை அன்று அக்காவின் தட்டிலிருந்து ஒரு சிட்டிகைக் குங்குமம் எடுத்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, நான்கு சக்கரத்துக்கும் யாருக்கும் தெரியாமல் பொட்டு வைத்தேன். கத்திக்கும் மண்வெட்டிக்கும் வைக்கிறார்களே, என் வண்டிக்கு மட்டும் ஏன் கூடாது?

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பலகை இருக்கிறது, பேரிங் நான்கும் இல்லை. பக்கத்துக் காம்பராப் பையன்களின் முற்றத்தையெல்லாம் நோட்டம் விட்டேன். ஒருவனோடு காரணம் சொல்லாமல் பேச்சை நிறுத்தினேன். கோழிகளைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தேன்.

அதே வாரம் வீட்டிலும் சில விஷயங்கள் சரியில்லை. கலண்டரில் மறுநாள் தாளைக் காணவில்லை. “நாளைக்குன்னு ஒரு நாளே இல்லையா இந்த வீட்ல?” என்று அப்பா சத்தம் போட்டார். பின்னால் மச்சான் வேலை செய்கிறார், ஆனால் வாளின் சத்தம் வரவில்லை. பக்கத்துக் காம்பரா ராக்கம்மா வேலியோரம் வந்து அக்காவிடம், “என்னாடி, ஒன் புருசன் மெசினு வாய்ல துணிய வச்சு அடச்சிட்டாரா? சத்தத்தக் காணோம், பல்பு மட்டும் அழுவுது” என்று கேட்டாள்.

நான் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். மரக்கட்டைகள் இருந்த இடத்தில், இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு, என் பேரிங்குகள் இரண்டிரண்டாக வாளின் பக்கத்தில் நின்றன. பள்ளத்தில் என் குங்குமம். வாளுக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒரு தாள் தடிப்பு இடைவெளி வேண்டுமாம். அந்தத் தாள்தான் கலண்டரில் காணாமல் போன நாள். நான் அழ ஆரம்பித்ததும் மச்சான் வாளை நிறுத்தினார்.

“டேய் தம்பி, நேத்து அந்த வளைவுல காய்கறி லொறி போன வேகத்தப் பாத்தியா? நீ செத்துக் கித்துப் போனா ஒங்கக்காவுக்கு நான் என்னா பதில் சொல்றது? இது வீட்லயே சுத்தட்டும். வண்டி இருந்த கதைய மாமாகிட்ட சொல்ல மாட்டேன். சத்தியம்.”

சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் பெக்டரிப் பேச்சு வந்தது. அங்கேயும் ஆயுத பூசை செய்வார்கள். அந்த வருடம் ஸ்டோருக்கு வந்த புதுப் பேரிங் பெட்டி ஒன்றைத் திறந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு பேரிங்குக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். பூசை முடிந்து தேடினால் பெட்டி இல்லை. எண்ணெய் போடுகிறவர் என்பதால் முதலில் அப்பாவைத்தான் கேட்டார்கள். தோட்டத்துச் சாமான் வீட்டில் அகப்பட்டால் வேலையும் போகும், காம்பராவும் போகும். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ராக்கம்மா அவரிடமும் அந்தச் சத்தமில்லாத மெசின் கதையைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். அப்பா தகரக் கொட்டகைக்குள் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது விரல் நுனி சிவப்பாக இருந்தது.

“இது எங்க எடுத்தது மாப்ள?”

“கராஜுல கழட்டிப் போட்டது மாமா.”

“எந்தக் கராஜு? வாங்க, இப்பவே போயி கேப்போம்.”

மச்சான் என்னைப் பார்த்தார். கராஜுக்காரர் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார், ‘ஒங்க பையனுக்குத்தானே குடுத்தேன்’ என்று.

“போக வேணாம் மாமா.”

“அப்ப கராஜுக்காரன் பேரிங்குக்குக் குங்குமம் வச்சு, கும்புட்டுத்தான் குடுத்தானாக்கும்?”

அக்கா வாசலில் சுளகோடு நின்றாள். “சொல்லுங்களேன். எங்கேன்னு சொல்லித் தொலைங்களேன்” என்றாள். அவர் அவளையும் பார்த்தார், தரையையும் பார்த்தார்.

நான் “அப்பா” என்று ஒரு தடவை கூப்பிட்டேன்.

“நீ உள்ள போ.”

உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அப்பா யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு மச்சான் உட்கார்ந்த இடத்தில் அவர் உட்காரவில்லை. இரண்டாம் நாள் மச்சானும் அக்காவும் பதுளை பஸ் ஏறினார்கள். வாள் ஒரு காய்கறி லொறியில் பின்னால் போனது. பொங்கலுக்குப் பெக்டரியில் பூசைப் பெட்டகத்தைத் திறந்தபோது, குத்துவிளக்குக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் அந்தப் பேரிங் பெட்டி ஒன்றும் குறையாமல் இருந்ததாம். பூசைச் சாமானோடு சேர்த்து யாரோ கட்டிவைத்துவிட்டார்கள். மச்சான் எடுக்கவில்லை என்று அப்பா அப்போதும் நம்பவில்லை. “திரும்பக் கொண்டாந்து வச்சிருப்பான்” என்றார். கடைசி வரை அதைத்தான் சொன்னார்.

மச்சானின் கை வருமானத்தில்தான் எனக்குப் பள்ளிக்கூடக் கொப்பியும் சப்பாத்தும் வந்தன என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க பஸ்ஸில் போகவேண்டும். அப்பா பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் என்னைச் சேர்த்துவிட்டார். பள்ளிக்கூடம் நின்றுவிடக் கூடாது என்றுதான் நான் வாயைத் திறக்கவில்லை. அது அந்த வருடக் கடைசி வரைதான் நிலைத்தது.

வளர்ந்ததும் பதுளைக்கு வந்து மச்சானிடமே வேலை பழகினேன். ஆயுத பூசை வந்தால் அக்கா உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள், ஏணிக்குக்கூட வைப்பாள். பேண்ட்சோவை மட்டும் தாண்டிப் போவாள். அவள் போன பிறகு மச்சான் தானே போய் ஒரு பொட்டு வைப்பார். ஒவ்வொரு வருடமும் இது நடந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒருமுறை மட்டும், “அக்காகிட்ட நான் சொல்லிரவா மச்சான்?” என்று கேட்டேன்.

“விட்றா. அப்ப சொல்லியிருந்தா ஒன்னைய அடிச்சிருப்பாங்க. இப்ப சொன்னா அவ தன்னையே அடிச்சுக்குவா.”

அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். அவளும் அவரைச் சந்தேகப்பட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

போன வருடம் மச்சான் தவறிவிட்டார். முப்பத்தொராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா, “அந்த மெசின நீ எடுத்துக்கிட்டுப் போ, எனக்கு வேணாம்” என்றாள். வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். இந்த மாதம் மகள் போனில் பார்த்து ஒரு புதுக் ‘கைட் செட்’ எடுத்துத் தந்தாள். எல்லாம் பளபளவென்று இருக்கிறது. எவ்வளவு நாளைக்கு என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மச்சானின் இரும்புப் பட்டையைக் கழற்றி, பழைய பேரிங் நான்கையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். குங்குமம் இருக்குமா என்று பார்த்தேன். இல்லை, கறுப்புக் கிறீஸ்தான் வந்தது. கிறீஸ் போன பிறகு வேறொன்று தெரிந்தது. வெளி வளையத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லிய கீறல்கள், பக்கவாட்டில் குத்துப்பட்ட சின்னச் சின்னப் பள்ளங்கள். கல்லும் தாரும் போட்ட கீறல். பெக்டரிப் பெட்டியிலிருந்து வந்த புதுப் பேரிங்குக்கு ரோட்டுக் கீறல் எப்படி வரும்? வாழ்நாள் முழுவதும் மெசினோடு இருந்த அப்பா, விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தார். அந்த விரலுக்கு அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கராஜ் இருந்த இடத்தில் போன் கடை இருக்கிறது. பேரிங் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளை அந்த ரோட்டில் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. பெக்டரியில் தேயிலை வாசனை வருவதில்லை. லயத்தில் யார் எந்த மெசினைப் போட்டாலும் பல்பு மங்குவதில்லை. ராக்கம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, மச்சானும் இல்லை. உண்மை தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

நேற்று ஆயுத பூசைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். உளிக்கு வைத்தாள், ஏணிக்கு வைத்தாள், மகளின் சைக்கிளுக்கும் வைத்தாள். பேண்ட்சோவைத் தாண்டிப் போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘அக்கா’ என்று கூப்பிட்டேன். “என்னா தம்பி?” என்றாள். “ஒண்ணுமில்ல, தேத்தண்ணி ஆறுது” என்றேன்.

எனக்கு நேரில் பேச வராது. அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். அக்கா, அந்தப் பேரிங் நான்கும் என் வண்டியினுடையது. குங்குமம் வைத்தது நான். மச்சான் எதையும் எடுக்கவில்லை. நான்கையும் துடைத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். நீயே வந்து கையில் எடுத்துப் பார்.

புதுக் கைடுக்கும் இடைவெளி வைக்க ஒரு தாள் வேண்டியிருந்தது. இன்று காலை கலண்டரில் இன்றைய தாளைத்தான் கிழித்தேன். வாள் சத்தமில்லாமல் ஓடுகிறது. தாள் என் முன்னால் இருக்கிறது, ஓரத்தில் வாள் உரசிய ஒரு கறுப்புக் கோடு. அதைப் பார்த்தே எழுதுகிறேன்: புரட்டாசி 16, வியாழக்கிழமை, விஜயதசமி.