பன்னீர் திராட்சை பீர்

எங்கள் பன்னீர் திராட்சையை ருசி பார்க்க ஒரு முறை உண்டு. கொத்தின் அடி நுனியில் இருக்கிற பழத்தைத்தான் பிய்த்து வாயில் போட வேண்டும். மேலே இருப்பது முந்திக்கொண்டு இனித்துவிடும். நுனிதான் பொய் சொல்லாது. வாங்க வரும் வியாபாரி அதைத் தின்றுவிட்டு எப்போதும் முகத்தைச் சுளிப்பார். கற்கண்டாக இனித்தாலும் சுளிப்பார். அது அவர் தொழில்.

என் மருமகன் பெங்களூரில் பீர் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். பெண் கேட்டு வந்தபோது ‘கம்பெனி’ என்று மட்டும்தான் சொன்னார்கள். என்ன கம்பெனி என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வீட்டுக்காரி அன்றைக்கே காபி டம்ளரைப் பிடுங்கியிருப்பாள்.

போன அறுப்பில் இரண்டு பெட்டிப் பழம் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் கறிச்சோறு சாப்பிட உட்காரும்போது, ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“நம்ம பழத்துல நானே பண்ணது மாமா. பெல்ஜியம்னு ஒரு நாடு, அங்க இப்படித்தான் பீர்ல பழத்தை ஊறப் போடுவாங்க. நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டா இந்த அறுப்பு மொத்தத்தையும் நாங்களே எடுத்துக்கிறோம். நாளைக்கு முதலாளிகிட்ட பதில் சொல்லணும்.”

“எங்க தோட்டத்துப் பழத்தைக் குடிகாரனுக்கா ஊத்தப் போறீங்க?” என்றாள் வீட்டுக்காரி.

நான் கறிச்சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வாலிபத்தில் அகரம் பக்கத்துப் பனங்காட்டில் நான் இறக்கிக் குடித்த கள்ளெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மாப்பிள்ளை மூடியைக் கட்டியிருந்த கம்பியைப் பிரித்து மூடியைத் திருகினார். அது டப்பென்று தெறித்தது. இருந்த ஒரு பாட்டிலையும் எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, எனக்கு டம்ளரில் ஒரு வாய் கொடுத்தார். நாவற்பழ நிறம். மூக்கில் ஏறியது. முதலில் புளிப்பு, பிறகு லேசான கசப்பு. விழுங்கின பிறகு, தொண்டைக்குப் பக்கத்தில், என் பந்தலின் பழத்தோல் வாசம். அதை நான் எங்கே குடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்க தோஷம், நான் சுளித்தேன்.

“புளிக்குதே மாப்ள.”

பாவம், அவர் முகம் தொங்கிப்போனது. “அது புளிக்கத்தான் மாமா செய்யும்...”

வீட்டுக்காரி சொம்பில் கரண்டியை விட்டு நக்கிப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுகிறவள் அவள். பானையில் பழத்துக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டுவாள். அவளுக்குத் திராட்சை என்றால் பாகு மாதிரி இருக்க வேண்டும்.

“சர்க்கரை போட மறந்துட்டீங்களா மாப்ள? ஏன், அந்த ஊருல சர்க்கரை கெடைக்காதாமா?”

“அத்தை, வேணாம் அத்தை!”

அவர் எழுந்திருப்பதற்குள் சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு கலக்குக் கலக்கிவிட்டாள். சொம்பு சீறியது. நுரை பொங்கி மேசையில் ஓடி, கறிக்குழம்பில் கலந்து, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

“ஆத்தாடி! என்னத்தப்பா போட்டிருக்கீக இதுல?” என்று அவள் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இன்னும் பொங்கியது.

“அம்புட்டுதான் மாமா,” என்றார் மாப்பிள்ளை. அழுவது போல இருந்தது குரல். “இருந்ததே ஒரு பாட்டில்தான். இனி முதலாளிகிட்ட என்னன்னு சொல்றது?”

இதற்கு மேல் விளையாடினால் பாவம் என்று தோன்றியது. ஆனால் ‘நல்லாருக்கு’ என்று சட்டென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருஷம் வியாபாரிகளோடு பேசிய வாய் அது.

“ஒரு வாய் குடிச்சுட்டு எப்படி மாப்ள முடிவு சொல்றது? சரியா நாக்குலயே படல. மொத்தப் பழத்தையும் கொண்டு போய் நெறையாப் பண்ணிட்டு வாங்க. அப்புறமா நிதானமா குடிச்சுப் பாத்துச் சொல்றேன்.”

அவருக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. என் வீட்டுக்காரிக்கு உடனே புரிந்துவிட்டது.

“அப்ப எத்தனை பாட்டில் குடிச்சா முடிவு வருமாம் இவுகளுக்கு?” என்றாள்.

அதற்குள் மாப்பிள்ளை எழுந்துவிட்டார். நனைந்த சட்டையோடே வாசலுக்குப் போய், முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.