தில்லையம்பலம் தமிழில் சொன்ன கொலைகள்

தில்லையம்பலம் மோசம் போய்விட்டார் என்ற சாவுச் செய்தி, லூயிஷாம் சந்தையில் நான் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது வந்தது. சொன்னவர் அழுதார். நான் வெங்காயத்தைத் தெரிந்தெடுத்து முடித்தேன். நினைவு மலருக்கு நாலு வார்த்தை வேண்டுமாம். கதை அளக்கத் தெரிந்தவர் போய்விட்டார். நான் உள்ளதைச் சொல்கிறேன்.

எண்பதுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரே வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் உட்கார நல்ல கதிரை அவருக்கு. ஞாயிறு பின்னேரங்களில் தொலைக்காட்சியில் ஒரு பழைய அமெரிக்க நாடகம் போகும். பொலிசில் சேராமல் தனியாகத் துப்பறிகிற ஒருவனின் கதை. அதை அவர் எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். ஒருமுறை, படகுக்காரனைக் கொன்றது அவனுடைய தம்பி, காணிச் சண்டை என்றார். சில மாதம் கழித்து அதே கதை திரும்பப் போனது. அதே படகு, விலங்கு மாட்டிய கையும் அதே ஆளுடையது. இந்த முறை, கொன்றது மச்சான், சீதனச் சண்டை என்றார்.

"அண்ணை, போனமுறை இவன் தம்பியெல்லே?" என்றேன்.

"கையெழுத்து வைக்கத் தெரியாத நீ எனக்கு இங்கிலிஸ் படிப்பிக்கிறியோ? கதை விளங்கினால் காணும். பேசாமல் பார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு என் அகதி வழக்கு வந்தது. தவறினால் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கறிஞர் அம்மாவிடம் அவரைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனேன். "ஆமி கடையை எரிச்சது. தம்பியைக் கொண்டுபோனது. நான் பின்வளவால ஓடினனான்" என்றேன். அவ்வளவுதான். தில்லையம்பலமோ நிறுத்தவேயில்லை. விரலைத் துவக்காக நீட்டிச் சுட்டுக் காட்டினார். கதிரைக்குப் பின்னால் பதுங்கிக் காட்டினார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "என்ன சொல்லுறியள்?"

"உன்ரை கதை சப்பெண்டு கிடக்கு. கொஞ்சம் உப்புப் போட்டனான்."

"அது என்ரை தம்பி, அண்ணை."

அவரை வெளியே இருக்கச் சொன்னேன். அடுத்த கிழமை வழக்கறிஞரே ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளையை அழைத்தார். நான் நிறுத்திய இடத்தில் அந்தப் பிள்ளையும் நிறுத்தியது. விசா கிடைத்தது. தன்னால்தான் கிடைத்தது என்று தில்லையம்பலம் சாகும்வரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அவரால் என்னிடம் மிஞ்சியது ஒரு பழக்கம். என் பேச்சை யார் எடுத்துச் சொன்னாலும், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிய மகளும் முழுவதையும் திரும்ப வாசித்துக் காட்டினாள். முடிவில், "அப்பா, செத்த மனுசன். கடைசியில நல்லதா ஒரு வரி சேர்த்துவிடட்டே?" என்று கேட்டாள்.

சேர்க்காதே என்றேன்.