சிக்னல் பெட்டிக்கு ஒத்திகை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சிவப்பு, மஞ்சள், பச்சை பல்புகள் எரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு தரையில்தான். என் மனைவி சிக்னல் பழுது பார்ப்பவள். மறுநாள் வேலைக்கு முந்தின நாளே வீட்டில் ஒத்திகை நடக்கும். எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்குப் போறேன்" என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘நாளைக்கு மேடம்’ என்று பெயர். கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும். அவர்கள் இன்றைக்கே ஓடிப்போய்க் கிழித்த லட்சணத்தைத்தான் மருத்துவமனை முக்கில் பார்த்தோமே.

என் அண்ணனுக்குப் பார்வை கிடையாது. அந்த மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் வேலை. காலையில் போய் மதியம் திரும்புவார். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்ததும் கம்பத்திலிருந்து வரும் ‘பீப் பீப்’பை நம்பித் தனியாகவே சாலையைக் கடப்பார். யாராவது கையைப் பிடித்தால் முகம் சுருங்கிவிடும். சில மதியங்களில் அந்தச் சத்தம் நின்றுபோய், விளக்கெல்லாம் வெறும் மஞ்சளாய்ச் சிமிட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் ஒரு வேன் அவருடைய கோலை உடைத்துவிட்டுப் போனது.

புகாருக்கு வந்தவர்கள் ஓரமாக நிற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பழுது இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். திரும்பத் திரும்ப இதே கதை.

மனைவியின் அதிகாரி சலித்துப்போனார். "நீங்க ஒரு தடவ பாருங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னா நிரந்தரமா மஞ்சள்ல விட்டுடலாம். நடக்குறவங்க பாலத்துல ஏறிப் போகட்டும்."

பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் பள்ளம். துணைக்கு ஆள் இல்லாமல் அண்ணன் போக முடியாது. "தினம் ஒருத்தர் கையப் புடிச்சுட்டுப் போறதுக்கு, வேலைய விட்டுடறேன்டா" என்றார்.

மனைவி பெட்டியைப் பார்க்கப் போகவில்லை. அண்ணனிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, எந்த மாதிரி நாள்ல நிக்குது?"

அவர் யோசித்தார். "வெயில் கொளுத்துற அன்னிக்குத்தான்மா. மழை நாள்ல ஒழுங்கா கூவுது."

அவள் முகம் மலர்ந்தது. பூட்டிய பெட்டி வெயிலில் வேகும்போதுதான் பழுது தலைகாட்டுகிறது. கதவைத் திறந்தால் காற்றுப் பட்டு ஆறி, நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

அன்று மாலை எங்கள் மேஜையில், அவள் சந்தேகப்பட்ட, பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மின்பலகைக்கு அடுப்பு மூட்டாத குறைதான். தன் தலைமுடிக்கு ஒரு நாளும் காட்டாத ஹேர் டிரையரை அதன்மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலுவலக ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த மாற்றுப் பலகையே சூடு ஏறியதும் மஞ்சளுக்குப் போனது. போட்டிருந்தால் மானம் போயிருக்கும். அடுத்ததைச் சுட்டாள். அது பச்சையை விடவில்லை.

மறுநாள் காலைக் குளிர்ச்சியிலேயே பெட்டிக்குள் மீட்டர் ஒயரை மாட்டி, அடியில் இருந்த துளை வழியாக வெளியே இழுத்துக் கதவைப் பூட்டினாள். குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மதியம் விளக்குகள் மஞ்சளுக்குத் தாவிய அதே நொடியில் மீட்டரில் மின்சாரம் சரிந்தது. கதவைத் திறக்காமலேயே பழுது கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. உள்ளே மின்சாரம் கொடுக்கும் பலகைதான் திருடன். அதைக் கழற்றி, சுட்டெடுத்ததை மாட்டினாள்.

கூடப் போயிருந்த நான் கைதட்டப் போனேன். "இருங்க. இதுவும் வெயில்ல வேகட்டும். நாளைக்குச் சொல்றேன்" என்றாள். பொறுமைக்கு ஒரு அளவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இவள் என் மனைவி என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்ட மாதிரி என்றைக்கும் பட்டதில்லை.

மறுநாள் அனல் பறந்தது. அண்ணன் வேலை முடிந்து முக்குக்கு வந்தபோது நானும் போய் நின்றேன். அவள் பெட்டியருகே மீட்டரோடு இருந்தாள். நான் அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய விடுடா," என்றார் அண்ணன். "பச்சை விழுந்துருச்சு."