தண்ணீர் குடிக்காமல் பெயர் வாங்கியவர்

கட்டட வேலையில் அவரை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டார்கள். அது வசவு இல்லை, பட்டம். காலை எட்டு மணிக்குத் தலையில் சும்மாட்டை வைத்தாரென்றால், மாலை ஆறு மணிக்கு அதை உதறி இடுப்பில் செருகும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். வயது நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பது வருடம் சித்தாள் வேலை. மணல், ஜல்லி, செங்கல், கலவை என்று அவர் தலைவழியாக ஏறிய கட்டடங்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு முழுத் தெரு வரும். அந்தத் தெருவில் வேலை முடிந்தபின் அவர் காலெடுத்து வைத்த வீடு ஒன்றுகூட இல்லை.

"ஒட்டகத்துக்காவது முதுகுல திமில் இருக்கு. இந்தம்மா தண்ணிய எங்க ஒளிச்சு வச்சிருக்குன்னே தெரியலையே" என்பார் வானொலி. வானொலியும் ஒரு சித்தாள்தான். வாய் ஓயாததால் வந்த பெயர்.

"உன் வாய் மாதிரி என் உடம்புல ஓட்டை இல்லடி. அதான் ஒழுகல" என்பார் ஒட்டகம்.

மேஸ்திரிக்கு அவர்மேல் தனி மரியாதை. புதிதாக வரும் பெண்களிடம் அவரைத்தான் காட்டுவார். "அவங்களைப் பாத்துக் கத்துக்குங்க. அரை மணிக்கு ஒரு தரம் தண்ணி டிரம்முகிட்ட ஓடுறது, அப்புறம் சுவத்துக்குப் பின்னால ஓடுறது, இதெல்லாம் இங்க ஆகாது."

சுவருக்குப் பின்னால் என்றால் என்ன? அந்த வேலையிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. மதில் சுவரைத் தாண்டி ஒரு காலி மனை. அதில் இடுப்பளவு புதர். கட்டடம் தரையோடு இருந்தபோது அந்த மறைவு போதுமானதாக இருந்தது. முதல் மாடி எழும்பியதும் பாதிப் புதர் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் மாடி எழும்பியபின், கம்பி கட்டும் ஆண்களுக்கு மனை முழுவதும் உள்ளங்கை போலத் தெரிந்தது. தங்களை எட்டிப் பார்ப்பதற்கான உயரத்தைச் சட்டி சட்டியாகத் தங்கள் தலையிலேயே சுமந்து கட்டிக் கொடுத்தார்கள் அந்தப் பெண்கள்.

ஆகவே குடிக்கவில்லை. இதில் வைராக்கியமும் இல்லை, உடல்வாகும் இல்லை. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது. ஒட்டகத்தின் ரகசியம் அவ்வளவுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு அரை டம்ளர். பிறகு வாயில் ஒரு சின்னக் கூழாங்கல். அது எச்சில் ஊறவைக்கும். மதியம் சோற்றுக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. சிறுநீர் சிவந்து எரியும். இடுப்பு பிளக்கும். அதற்கெல்லாம் 'சூடு' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வேலைக்குத்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள். ஒட்டகத்தின் ஓர்ப்படி, கொழுந்தனின் மனைவி. இருபத்தாறு வயது. இரண்டு குடும்பமும் ஒரே வீடு. இரண்டு அறை, நடுவில் ஒரு திரை. தையல் கடை மூடிவிட்டதால், வெயில் உச்சத்தில் இருந்த மாதத்தில் அவள் சட்டி தூக்க வந்தாள். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் கொண்டு வந்தாள். தாகம் எடுத்தபோது குடித்தாள். முட்டியபோது சுவருக்குப் பின்னால் போனாள். மேலேயிருந்து சீழ்க்கை ஒலி கேட்டது. யாரோ ஒருவன் எண்ணிக்கை வேறு சொன்னான்: "இது மூணாவது தரம் டோய்!"

மூன்றாம் நாள் சுவருக்குப் பின்னாலிருந்து அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

அன்று மாலை தெருக்குழாயில் குடம் நிறைந்துகொண்டிருந்தபோது கேட்டாள். "நீங்க எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

ஒட்டகம் சொல்லிக்கொடுத்தார். அரை டம்ளர், கூழாங்கல், கொப்பளிப்பது, எல்லாவற்றையும் அன்போடு சொல்லிக்கொடுத்தார். "மொத வாரம் தலை சுத்தும். அப்புறம் உடம்பு பழகிடும்டி." உடம்பு பழகாது. அது தாங்கிக்கொண்டு சேதாரமாகும். இதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் எவரும் பத்தொன்பது வருடத்தில் சொல்லவில்லை.

மூன்றாவது மாடிக்குத் தளம் போடும் நாள் வந்தது. தளம் போடுவது நடுவில் நிறுத்தக்கூடிய வேலை அல்ல. கீழே மிக்ஸர் சுற்றச் சுற்றக் கலவை மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் பாதியில் இறுகிவிடும்; ஒட்டு விட்டுப்போன இடத்தில் நாளைக்குத் தண்ணீர் கசியும். ஆகவே சாரத்தின் பலகைகளில் கீழிருந்து மேல்வரை இருபத்திரண்டு பேர் நிற்பார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி ஏறும், காலிச் சட்டி இறங்கும். இதற்குச் சங்கிலி என்று பெயர். ஒருவர் விலகினால் மேலும் கீழும் இருவர் கை நீட்டியபடி நிற்க வேண்டியதுதான். மேஸ்திரி கத்துவார். விலகியவர் பெயர் ஒரு வாரத்துக்கு நாறும்.

அன்று வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. அது நிழலில் அளந்தது. சாரத்தில் நிழல் கிடையாது.

சின்னவள் ஒட்டகத்துக்கு அடுத்து மேலே நின்றாள். மதியம் இரண்டு மணி வாக்கில் குனிந்து சட்டியை வாங்கும்போது, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றாள்.

"இன்னும் ஒரு மணி நேரம்தான்டி. சங்கிலி அறுந்துரும். பல்லைக் கடிச்சுக்கோ."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து வானொலி அவளை உற்றுப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் குளித்து எழுந்ததுபோல் நனைந்திருக்க, அவள் முகம் மட்டும் காய்ந்து செங்கல் நிறத்தில் இருந்தது. "என்னடி இது, ஒரு சொட்டு வேர்வை இல்ல? குட்டி ஒட்டகம் ஆயிட்டியா?"

சங்கிலி முழுவதும் சிரித்தது. ஒட்டகமும் சிரித்தார், பெருமையாக.

அதற்குப் பிறகு எட்டோ பத்தோ சட்டிதான் ஏறியிருக்கும். சின்னவள் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கைகளில் ரோமம் குத்திட்டு நின்றது. பற்கள் அடித்துக்கொண்டன. "அக்கா, குளிருது."

ஒட்டகம் அவளை முதல் மாடிக்குத் தாங்கிக் கூட்டிவந்தார். ஜன்னல்களைத் தகரம் அடித்து மூடிய ஓர் அறையில் சிமெண்டுச் சாக்கை விரித்துப் படுக்கவைத்தார். குளிர்காய்ச்சல் என்று நினைத்தார், நினைத்துப் போர்த்தினார். நான்கு சாக்குகள். அதற்கும் மேலே, சேலைக்கு மேல் தான் போட்டிருந்த ஆண் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். "வேர்த்தா சரியாயிடும், படுத்துக்கோ" என்றார். மேலே மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். ஒட்டகம் சங்கிலிக்குத் திரும்பினார்.

நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தபோது, சின்னவளின் கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கால் வெட்டி வெட்டி இழுத்தது. நெற்றியில் வைத்த கையை ஒட்டகம் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் அப்படித்தான் சுடும். மனித உடம்பு சுடாது.

"யாரு கண்ணு பட்டுச்சோ" என்றார் ஒரு கொத்தனார். கண்! தலைக்கு நேர்மேலே ஒரு சூரியன் எரிந்துகொண்டிருக்கிறது, அந்த மனிதருக்கு இன்னொருவர் கண்மேல் சந்தேகம்.

மருத்துவமனையில் டாக்டரம்மா சாக்குகளைப் பிய்த்து எறிந்தார். நர்சுகள் ஐஸ் கட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். உடம்பின் சூடு நூற்றியேழு டிகிரி.

"யாரு இப்படிப் போர்த்தினது?"

"நான்தாம்மா. குளிருதுன்னு சொன்னா."

"குளிரலம்மா. மூளை சூட்டுல குழம்பிப்போச்சுன்னா குளிருதுன்னுதான் சொல்லும். வேர்த்தாத்தான் உடம்பு ஆறும். வேர்க்க இவங்க உடம்புல தண்ணியே இல்ல. கடைசியா எப்ப குடிச்சாங்க?"

"காலைல அஞ்சு மணிக்கு. அரை டம்ளர்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இந்த வெயில்லயா? ஏன்?"

ஒட்டகம் சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் நின்றார்கள். டாக்டரம்மாவின் காதருகே போய் மெதுவாகச் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒட்டகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். "நீங்க?"

"நானும் அப்படித்தாம்மா. பத்தொம்பது வருஷமா."

ஒட்டகத்தின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து ஒன்றின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. வானொலி தேடிய திமில் இருந்த லட்சணம் இது.

அன்று மாலை கட்டடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தளம் முடிந்துவிட்டது. புதுத் தளம் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதன்மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். பத்து நாள் அந்தத் தண்ணீர் வற்றக் கூடாது என்று ஓர் ஆளை நியமித்தார்கள். சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்ட இஞ்சினியர் ஒருவர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதைச் சுமந்து ஏற்றியவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க எவரையும் நியமிக்கவில்லை.

நான்காம் நாள் சின்னவள் கண் விழித்தாள். உயிர் தங்கிவிட்டது. ஆனால் கை, குடித்தவர் கை மாதிரி நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பேச்சு குழறியது. மூளையின் ஒரு பகுதி வெந்துவிட்டது என்பதை டாக்டரம்மா நல்ல வார்த்தைகளில் சொல்லப் பார்த்தார். அதற்கு நல்ல வார்த்தை இல்லை.

"அண்ணி, இவ என்னமோ திரும்பத் திரும்பச் சொல்றா. எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்குப் புரியுதா?" என்றான் கொழுந்தன்.

ஒட்டகம் குனிந்து காது கொடுத்தார். அவருக்குப் புரிந்தது. "தளம் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேஸ்திரி ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார். ஒட்டகத்தைத் தாழ்வாரத்தின் கோடிக்குக் கூட்டிப்போனார்.

"தொழிலாளர் ஆபீசர் விசாரிக்க வராரு. அவ காய்ச்சலோட வேலைக்கு வந்தாள்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

"காய்ச்சல் இல்லையே மேஸ்திரி."

"நீயே காய்ச்சல்னு நினைச்சுத்தான போர்த்துன? இருபது பேரு பாத்தாங்க. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "இல்லன்னா வேற பேச்சு கிளம்பும். தண்ணி குடிக்காதேன்னு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யாருன்னு. வானொலி வாயை நான் அடைக்க முடியுமா? உன் கொழுந்தன் காதுக்குப் போனா, ஒரே வீட்டுல நீ எப்படி இருப்ப? யோசிச்சுக்கோ."

பழம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு துல்லியமான ஏற்பாடு! வெயிலில் நிறுத்தியவர்கள் அவர்கள். மறைவிடம் கொடுக்காதவர்கள் அவர்கள். குடிக்காததற்குப் பட்டம் கொடுத்தவர்களும் அவர்கள். ஆனால் சாட்சிக்கூண்டில் ஏற்ற ஒருவர்தான் அகப்பட்டார், சாக்கு போர்த்தியவர். காய்ச்சல் என்று எழுதிவிட்டால் சின்னவளின் வைத்தியமும் மீதி வாழ்க்கையும் அவள் பாடு. உண்மையை எழுதினால் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடும்பத்தின் முகத்தில் இவர் இனி விழிக்க முடியாது.

ஆபீசர் மாலை நான்கு மணிக்கு வந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் ஃபைலை வைத்துக்கொண்டார். கொழுந்தன் சுவரோரம் நின்றான்.

"அன்னைக்குக் காலைல அவங்களுக்கு உடம்பு எப்படி இருந்துச்சு? காய்ச்சல்னு சொல்றாங்களே."

"காய்ச்சல் இல்ல. நல்லா இருந்தா. தண்ணி குடிக்கல. குடிக்காதேன்னு சொன்னது நான்தான்."

கொழுந்தன் சுவரிலிருந்து நகர்ந்து நின்றான். "அண்ணி?"

ஒட்டகம் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார். "ஏன் சொன்னேன்னு கேளுங்க சார்."

"ஏன்?"

"பொம்பளைங்களுக்கு அங்க கக்கூஸ் இல்ல. சுவத்துக்குப் பின்னால போனா மேலேருந்து சீழ்க்கை அடிக்கிறானுங்க. கீழ, வீடு வாங்க வர்றவங்களுக்குக் காட்டன்னு ஒரு வீட்டை முழுசா முடிச்சு வச்சிருக்கு. அதுல ரெண்டு கக்கூஸ், தண்ணியோட. பூட்டி சாவிய இஞ்சினியர் வச்சிருக்காரு. அந்த டைல்ஸை மண்டையில சுமந்தது நாங்க. எழுதுறீங்களா?"

ஆபீசர் எழுதினார். தாளில் 'காய்ச்சல்: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. கழிப்பறைக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினார்.

"குடிக்காதேன்னு சொன்னீங்க, சரி. அன்னைக்கு வேலை நேரத்துல அவங்க தண்ணி கேட்டாங்களா?"

"கேட்டா. சங்கிலி அறுந்துரும், பொறுத்துக்கன்னேன்."

"ஒரு தடவை கேட்டாங்க, இல்லையா?" ஆபீசர் எழுதிக்கொண்டே சொன்னார்.

ஒட்டகத்தின் உதடுகள் காய்ந்திருந்தன. உள்ளே கட்டிலில் நர்ஸ் சின்னவளுக்குக் கரண்டியால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்; பாதி கழுத்தில் வழிந்தது. கொழுந்தன் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார். ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை என் தோளைப் புடிச்சுக் கேட்டா. நான் காதுல விழாத மாதிரி சட்டிய வாங்கத் திரும்பிக்கிட்டேன். ஒண்ணுங்கறதை அடிச்சிட்டு ரெண்டுன்னு எழுதுங்க."