பெரிய கிராணி வீட்டு டயர் எழுத்து

பெட்ரோலில் ஊறிய ஒட்டுப்பாலின் வாடை மூக்கில் ஏறிவிட்டால் இரண்டு நாளைக்குச் சோற்றிலும் அதுதான் மணக்கும். ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலை உரித்தெடுப்பார்களே, அந்த "ஒட்டுப்பாலை" என் அப்பா சிறு துண்டுகளாக நறுக்கி, இறுக்கமான மூடி போட்ட பிஸ்கட் டின்னில் பெட்ரோல் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்து, கூழானதும் வெள்ளைத் துத்தநாகப் பொடியைக் கலப்பார். கார் டயரில் புடைத்து நிற்கும் கம்பெனிப் பெயரை வெள்ளையாக எழுதுவதற்கான கலவை அது. எனக்கு அப்போது பத்து வயது. ஜப்பான்காரன் வருவதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன.

அப்பா பிரிக்பீல்ட்ஸில் சர்க்கார் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா ஒருவரிடம், எங்கள் பேச்சில் தலைமைக் கிராணியிடம், கார் ஓட்டினார். "பெரிய கிராணி" என்று எல்லாரும் அவரைச் சொன்னார்கள். அந்தப் "பெரிய" என்ற சொல்லை முதலில் சேர்த்தவர் அவராகவேதான் இருக்க வேண்டும். அவர் வீட்டின் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அப்பாவும் அம்மாவும் நானும் குடியிருந்தோம். அறை கார் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும். காரோ ஒரு துரை ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. நான்கு டயர்களையும் துரையே பாதி தேய்த்திருந்தார். மீதியைக் கிராணி தேய்த்தார்.

கிள்ளானில் ஒரு கன்ட்ராக்டரின் மகனுக்கு மூத்த பெண்ணைக் கொடுக்கப் பேச்சு நடந்த மாதத்தில்தான் கிராணிக்கு டயர் எழுத்தின்மேல் கண் போயிற்று. யாரோ ஒரு ஈயச்சுரங்கத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், காரில் அப்படிப் பார்த்தாராம். சுவருக்குச் சாயம் பூசும் ஆளைக் கூப்பிட்டு, ஜன்னலுக்கு அடிக்கும் இனாமலை டயரில் அப்பச் சொன்னார். கார் பெட்டாலிங் போய்த் திரும்புவதற்குள் அது மீன் செதிலாக உதிர்ந்து, எழுத்துகளெல்லாம் சொறி பிடித்தவை போல நின்றன. அதன் பிறகே அப்பாவிடம் வந்தார்.

அப்பா செய்ததை நான் வரிசை மாறாமல் சொல்ல முடியும். காரை மரக்கட்டைகள்மேல் ஏற்றிவிட்டு, டயரைச் சவர்க்காரமும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார். காய்ந்ததும் பெட்ரோல் துணியால் எழுத்துகளைத் துடைப்பார். துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை துடைப்பார். பிறகு எழுத்தின்மேல் விரல் படக் கூடாது, விரலின் எண்ணெயே போதும் வெள்ளை உரிந்துவர. தீக்குச்சி முனையில் துணி சுற்றி, புடைப்பின் மேல்முகத்தில் மட்டும் மெல்லப் பூசுவார். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, மூன்று நாள். கடைசியில் பிசுபிசுப்புப் போக முகப்பவுடரைத் தூவித் தட்டிவிடுவார். "இனாமல் விறைச்சுக்கும், டயரு நெளியும். ரப்பர்மேல ரப்பர்தான் நிக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். டயருக்குப் பதினோரு எழுத்து, நான்குக்கும் நாற்பத்துநான்கு.

கட்டையிலிருந்து இறக்கும்முன் அவர் கிராணியிடம் ஒன்று சொன்னார். நான் குழாயடியில் நின்றிருந்தேன்.

"ஐயா, முன்னால இடது பக்கத்து டயர்ல ரப்பர் தேஞ்சு உள்நூல் தெரியுதுங்க. அத மட்டுமாவது மாத்திடலாங்க."

"முத்தையா, சம்பந்தம் பேச வர்றவன் படுத்துக்கிட்டா டயரப் பாக்கப் போறான்? எழுத்து பளிச்சுன்னு இருக்கு, போதும். கல்யாணம் முடியட்டும், நாலையும் மாத்திடுவோம்."

இது இல்லாத மனிதனின் பேச்சு அல்ல. அதே வாரம் அந்த வீட்டுக்குப் புதுத் திரைச்சீலைகளும் வெள்ளித் தாம்பாளமும் வந்தன. ஒரு டயருக்கு மட்டும் வழியில்லாமல் போயிற்று.

புறப்படும் காலையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வைத்து முடிந்ததும் கிராணி மனைவியைக் கூப்பிட்டு, முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு மட்டும் இன்னொரு பழம் வைக்கச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்தாவது பழம்தான் நினைவுக்கு வரும்.

அப்பா கிள்ளானுக்குப் போய்க் கன்ட்ராக்டரையும் அவர் தம்பியையும் மெதுவாகவே ஓட்டி அழைத்துவந்தார். பெண் பார்த்து, பலகாரம் தின்று முடித்த கன்ட்ராக்டர் வாசலுக்கு வந்து, குதிரை வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பதுபோல் காரைச் சுற்றி வந்தார். முன் சக்கரத்தின் அருகே குனிந்து எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம், "புது டயரா பாப்பா?" என்று கேட்டார்.

நூல் வெளியே வந்திருப்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் அதில் விரல் வைத்துப் பார்த்தவள். ஆனால் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிறவள் என்ற கொழுப்பும் இருந்தது. கேட்டதை விட்டுவிட்டு, அந்தப் பதினோரு எழுத்தையும் கூட்டி உரக்க வாசித்துக் காட்டினேன். "கெட்டிக்காரி" என்று அவர் என் தலையைத் தட்டினார். கிராணி சிரித்தபடி, "போன வாரந்தான் மாட்டுனது சம்பந்தி, நாலும்" என்றார். அப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அன்று பிற்பகல், கிராணியும் கூட ஏறிக்கொள்ள, அவர்களைத் திரும்பக் கொண்டுபோகும்போது, பத்து தீகா என்ற ஊரைத் தாண்டிய வளைவில் முன்பக்கத்து இடது டயர் வெடித்தது. மழை பெய்து ஓய்ந்த சாலை. கார் கால்வாயில் சாய்ந்தது. பின்னால் இருந்த மூவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அப்பாவின் வலது மணிக்கட்டு மட்டும் ஸ்டீயரிங்கில் மாட்டி முறிந்தது. நான்கும் புதிது என்று சொல்லிவிட்ட வாய்க்கு இனி ஒரே வழிதான் இருந்தது. "புது டயரையே வெடிக்க வச்சிட்டான், ஓட்டத் தெரியாத பய" என்றாராம் கிராணி, சம்பந்தி எதிரிலேயே.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மா, டயரைக் காட்டியிருக்கலாமே என்று அழுதாள். அப்பா சொன்னார்: "காட்டணுமா? வெடிச்ச டயரக் கன்ட்ராக்டர் அங்கயே குனிஞ்சு பாத்தாரு. நூலு தொங்குது. பாத்துட்டு, வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டு நின்னாரு." பிறகு, "எழுத்த எழுதுனது நான்தானே புள்ள" என்றார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கிராணிக்குச் சம்பந்தி கிடைத்தார், கன்ட்ராக்டருக்குச் சர்க்கார் ஆபீசில் ஒரு ஆள் கிடைத்தார். அவ்வளவு பொருத்தமான இரண்டு பேரை நான் பிறகு பார்த்ததில்லை. நாங்கள் அந்த மாதமே அறையைக் காலிசெய்து சாலாக் செலாத்தானுக்குப் போனோம். மணிக்கட்டு நேராகவில்லை. அப்பா ஒரு பலகைக் கிடங்கில் கேட் திறந்து மூடும் வேலையில் இருந்தார், கார் ஓட்டவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு காலை, வேறு வேலையாகப் போனபோது அந்த வீட்டு வேலிக்கருகே நின்றேன். எதையும் எறிய மனம் வராத கிராணி, வெடித்த டயரை ரோஜாச் செடிக்குப் பாத்தியாகப் போட்டிருந்தார், எழுத்து மேலே தெரியும்படி. வெயிலும் மழையும் அத்தனை வருடம் அதன்மேல் விழுந்திருந்தன. குனிந்து ஓர் எழுத்தை நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

இன்று அந்த வீடு இல்லை, வேலி இல்லை, வளைவையும் நிமிர்த்திப் பெருஞ்சாலை போட்டுவிட்டார்கள். எழுத்துக்கு வெள்ளை பூசுகிறவர்களையும் காணோம். எனக்கு ஒரு பழக்கம் மட்டும் நின்றுவிட்டது: எந்த டாக்சியில் ஏறும் முன்பும் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பேன். சென்ற வாரம் ஒரு டிரைவர் சிரித்தார். "என்னக்கா, டயர் பேரு படிக்கிறீங்களா?"

"பேரு வேணாம் தம்பி. கொஞ்சம் முன்னால உருட்டுங்க, அடியில பாக்கணும்" என்றேன்.