செவ்வாயும் வெள்ளியும் தலையிடித்த சுண்டெலிகள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் கொழும்பு ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடுகளிலும் அம்மா என்னைத் "தலையிடி டாக்டர்" ஆக்கி வைத்திருந்தார். உண்மையில் நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சுண்டெலிகளுக்கு ஒற்றைத் தலையிடியை வரவழைப்பவள்.

"பாவம்! இதுக்கா மகள் இவ்வளவு படிச்ச நீ?" என்றார் அம்மா, விஷயம் தெரிந்தபோது.

எங்கள் ஒழுங்கையை வைத்தே விளக்கினேன். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி ஒன்றைச் சொல்வாள். அது வீடு வீடாகப் பெருத்து, கடைசி வீட்டுக்குப் போகும்போது சண்டையாகிவிடும். தலை நரம்பு விடும் சிறு புரதமும் அப்படித்தான். அந்தச் செய்தியை நடுவில் மறிக்கும் மருந்தைத்தான் சோதிக்கிறோம்.

"குழாயடி வாயை மூடுற மருந்தா? முதல்ல இஞ்ச கொண்டு வா."

சோதனை எளிது. பாதி எலிகளுக்குத் தலையிடி தரும் ஊசி, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். பிறகு மெல்லிய நைலோன் இழையால் முகத்தைத் தொடவேண்டும். வலி உள்ளது முகத்தை இழுத்துக்கொள்ளும், மற்றது பேசாமல் இருக்கும். ஆனால் மூன்று வாரமாக, சில நாட்களில் உப்புத்தண்ணீர் எலிகளும் முகத்தை இழுத்தன. காரணம் தெரியாவிட்டால் அத்தனை வேலையும் குப்பைக்கு. என் பட்டமும் அதன் பின்னாலேயே போகும்.

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். குழப்பம் எல்லாம் செவ்வாயும் வெள்ளியும்தான்.

"உங்கட எலிகள் விரதம் போல," என்று சிரித்தான் கூட வேலை செய்பவன்.

நான் சிரிக்கவில்லை. எலிகளுக்கு வாரச் சுழற்சி இருக்கிறது, யாரும் காணாததை நான் கண்டுவிட்டேன் என்று நம்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். வெள்ளவத்தைக்காரியான அவர்தான் எங்கள் பேராசிரியர். புத்தகத்தைப் பார்க்கக் குனிந்தவர், மூக்கைச் சுருக்கினார்.

"பிள்ள, தலையில என்ன பூசியிருக்கிறீங்க?"

செவ்வாயும் வெள்ளியும் நான் தலைமுழுகும் நாட்கள். சளி, தடிமன் பிடிக்கக்கூடாது என்று அம்மா ஈர உச்சியில் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்து அனுப்புவார். பிறந்ததிலிருந்து பழகிய வாசம், எனக்குத் தெரியவே இல்லை.

"அந்தக் காரம் எலியின்ட மூக்கு நரம்பைத் தட்டினால் போதும். ஊசியே தேவையில்ல, நீங்க உள்ள போனாலே தலையிடிதான்," என்றார் மேடம். "ஒரு மாசம் தைலம் இல்லாமல் திரும்பச் செய்யுங்க. சரிவராட்டி ஆய்வுத் தலைப்பை மாத்துவம்."

வீட்டில் சொன்னதும் அம்மா கொதித்தார். "தடிமன் வந்தா உங்கட மேடமா கசாயம் வைப்பா?" பட்டம் போய்விடும் என்றேன். உடனே அம்மா வீட்டிலுள்ள எல்லாத் தைலத்தையும் பொலித்தீன் பையில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் முழுவதும் வாசலில் நின்று, வெளியே போகுமுன் என் தலையை முகர்ந்து பார்த்து அனுப்பினார்.

அடுத்த நான்கு வாரமும் செவ்வாயிலும் வெள்ளியிலும் உப்புத்தண்ணீர் எலிகள் முகத்தை அசைக்கவில்லை. தலைப்பு தப்பியது. எலி அறைக் கதவில் மூன்று மொழிகளில் அறிவித்தல் ஒட்டினோம்: தலையில் தைலம் பூசியவர்கள் உள்ளே வரக்கூடாது. தமிழை நான்தான் எழுதினேன்.

அதைப் படம் எடுத்து வரச்சொன்ன அம்மா, கைப்பேசியைக் குழாயடிக்கே கொண்டுபோனார்.

"பார், கெம்பஸ்ல என்னால சட்டமே போட்டிருக்கிறாங்க."